மென்பொருள் வேலைக்கான நேர்காணல்: முதல்முறை போகிறவர்களுக்கு

மென்பொருள் துறையில் முதல் வேலை தேடுகிறவர்கள் பெரும்பாலும் கேள்விப் பட்டியல்களைத் தேடிப் பிடித்து மனப்பாடம் செய்கிறார்கள். நேர்காணல் எடுக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். விடை தெரியாமல் தோற்றவர்களைவிட, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லாமல் தோற்றவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மனதுக்குள் சரியான பாதையில்தான் போய்க்கொண்டிருப்பார்கள். எதிரில் இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்? ஐந்து நிமிட மௌனத்துக்கு யாராலும் மதிப்பெண் போட முடியாது.

சென்னை, கோவை, பெங்களூரு பக்கம் வேலை தேடும் ஃப்ரெஷர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கேம்பஸ் பிளேஸ்மெண்டில் உட்காருகிறவர்களுக்கும், படிப்பை முடித்துவிட்டு ஆஃப் கேம்பஸில் அலைகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எந்த வகை நிறுவனம் என்று முதலில் பாருங்கள்

டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ், காக்னிசன்ட், விப்ரோ போன்ற சர்வீஸ் நிறுவனங்கள், அதாவது வாடிக்கையாளர்களுக்கு மென்பொருள் வேலை செய்து தருபவை, ஃப்ரெஷர்களை மொத்தமாக எடுப்பவை. இங்கே முதல் வடிகட்டல் ஆப்டிட்யூட் தேர்வு. சதவீதம், வேலையும் நேரமும், வரிசைத் தொடர்கள், ஆங்கிலப் பத்தியைப் படித்துப் பதில் சொல்வது, கூடவே ஒன்றிரண்டு கோடிங் கணக்குகள். டி.சி.எஸ். நடத்தும் என்.க்யூ.டி. தேர்வில் எப்படிச் செய்கிறீர்கள் என்பதை வைத்து நிஞ்சா, டிஜிட்டல், பிரைம் என்று வெவ்வேறு சம்பளப் பிரிவுகளுக்கு அழைப்பு வரும். அதனால் கடினமான பகுதியை 'நமக்கு வராது' என்று விட்டுவிட்டு வராதீர்கள். இந்த வகை நிறுவனங்களில் தொடக்கச் சம்பளம் பொதுவாக ஆண்டுக்கு 3 முதல் 4 லட்ச ரூபாய். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மூன்றிலும் 60 சதவீதம், நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது என்பதுபோன்ற தகுதி வரம்புகளும் உண்டு. அவை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் அறிவிப்பை முழுதாகப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

சொந்தமாக மென்பொருள் தயாரித்து விற்கும் நிறுவனங்களின் போக்கு வேறு. ஜோஹோ, 2010-இல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ், இங்கே அலுவலகம் வைத்திருக்கும் அமேசான், பேபால் எல்லாம் இந்த வரிசை. கோடிங்தான் மையம். ஜோஹோவின் சுற்றுகள் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு நன்றாகவே தெரிந்தவை. முதலில் ஆப்டிட்யூட்டும், சி மொழி நிரலைக் கொடுத்து 'இதன் அவுட்புட் என்ன' என்று கேட்பதும் கலந்த எழுத்துத் தேர்வு. பிறகு கணினி முன் உட்கார்ந்து கணக்குகளுக்கு நிரல் எழுதுவது. அதைத் தாண்டினால் டாக்ஸி புக்கிங், ரயில் முன்பதிவு மாதிரி ஒரு சிறிய செயலியைச் சில மணி நேரத்தில் கட்டிக் காட்டுவது. இந்தச் சுற்றை நான் மிகவும் மதிக்கிறேன். மனப்பாடம் இங்கே உதவாது. எந்தெந்த கிளாஸ் வேண்டும், எந்தத் தகவலை எங்கே வைப்பது, டிக்கெட்டை ரத்து செய்தால் காத்திருப்புப் பட்டியல் எப்படி நகரும் என்று நீங்களே முடிவெடுக்க வேண்டும். வீட்டிலேயே இப்படி நான்கைந்து செயலிகளை டேட்டாபேஸ் இல்லாமல், வெறும் லிஸ்ட்டும் மேப்பும் வைத்துக் கட்டிப் பாருங்கள். எந்த நிறுவனத்துக்குப் போனாலும் அந்தப் பயிற்சி கைகொடுக்கும்.

சின்ன ஸ்டார்ட்அப்களில் பெரும்பாலும் ஒரு வேலையைக் கொடுத்து இரண்டு மூன்று நாள் அவகாசம் தருவார்கள். அதை முடித்து அனுப்பினால், அந்த நிரலை வைத்தே பேச்சு நடக்கும்.

ரெஸ்யூமே ஒரு பக்கம் போதும்

ஃப்ரெஷருக்கு இரண்டாம் பக்கம் தேவையே இல்லை. அப்பா பெயர், மதம், திருமண நிலை, பொழுதுபோக்கு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் ப்ராஜெக்ட்டைப் பற்றி இரண்டு வரி கூடுதலாக எழுதலாம்.

ரெஸ்யூமேயில் இருக்கும் ஒவ்வொரு சொல்லும் நீங்கள் விரும்பிக் கூப்பிடும் கேள்வி. 'மெஷின் லேர்னிங்' என்று எழுதியிருந்தால் நான் கட்டாயம் கேட்பேன். யூடியூப் பார்த்து ஒருமுறை ஓட்டிப் பார்த்ததையெல்லாம் திறமைப் பட்டியலில் சேர்த்தவர்கள், நன்றாகத் தெரிந்த ஜாவாவைப் பற்றிப் பேச வாய்ப்பே கிடைக்காமல் வெளியே போவதைப் பார்ப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். ஒரு மொழியை ஆழமாகத் தெரிந்துகொண்டு அதை முதலில் போடுங்கள். சி, ஜாவா, பைதான் எதுவானாலும் சரி.

கடையில் வாங்கிய ப்ராஜெக்ட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இறுதியாண்டு ப்ராஜெக்ட்டைக் காசு கொடுத்து வாங்குவது நம் ஊரில் சாதாரணமாகிவிட்டது. 'இந்த டேபிளில் ஏன் இந்த நெடுவரிசையை பிரைமரி கீயாக வைத்தீர்கள்?' என்று கேட்டால் மூன்றாவது நிமிடத்தில் விஷயம் வெளியே வந்துவிடும். சொந்தமாகச் செய்த சின்னப் ப்ராஜெக்ட் அதைவிடப் பல மடங்கு மேல். உங்கள் ஊர் மளிகைக் கடைக்கு ஒரு கடன் கணக்கு நோட்டுச் செயலி எழுதியிருந்தாலும் போதும். அதில் எங்கே சிக்கினீர்கள், எப்படி வெளியே வந்தீர்கள் என்று உங்களால் சொல்ல முடியும்.

ஆன்லைன் தேர்வு

ஹேக்கர்ரேங்க், மெட்டில், ஹேக்கர்எர்த் போன்ற தளங்களில் நடக்கும். கேமரா ஓடிக்கொண்டிருக்கும், வேறு டேபுக்கு மாறினால் பதிவாகும். முந்தைய நாளே அந்தத் தளத்தின் மாதிரித் தேர்வில் உள்ளீட்டை எப்படி வாங்குவது என்று பழகிக்கொள்ளுங்கள். லாஜிக் சரியாக இருந்தும், இன்புட்டை ஒரே வரியில் வாங்க வேண்டியதை வரி வரியாக வாங்கித் தோற்பவர்கள் உண்டு. கரண்ட் போனால் என்ன செய்வது, ஒய்ஃபை விழுந்தால் மொபைல் டேட்டா தயாராக இருக்கிறதா என்பதையும் பார்த்து வையுங்கள்.

முழு விடை வராவிட்டாலும் மெதுவான விடையையாவது சமர்ப்பியுங்கள். பல தேர்வுகளில், நிரலைச் சோதிக்கக் கொடுக்கும் உள்ளீடுகளில் (டெஸ்ட் கேஸ்) எத்தனை தேறின என்பதற்கு ஏற்ப மதிப்பெண் உண்டு.

ஏ.ஐ. கருவியை வைத்து விடை எழுதுவது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். வேண்டாம். அடுத்த சுற்றில் அதே நிரலை விளக்கச் சொல்வார்கள், ஒரு நிபந்தனையை மாற்றித் திருத்தச் சொல்வார்கள். கூகுள் தலைவர் சுந்தர் பிச்சையே 2025-இல், குறைந்தது ஒரு சுற்றாவது நேரில் நடக்கும்படி பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். தயாராகும்போது ஏ.ஐ.யை ஆசிரியராக வைத்துக்கொள்ளுங்கள், அதில் தப்பே இல்லை. 'என் கோடில் எந்த இன்புட்டுக்குத் தப்பாக விடை வரும்?' என்று அதனிடம் கேட்டுப் பழகுவது நல்ல பயிற்சி.

கோடிங் ரவுண்டில் என்ன நடக்கும்

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் பயப்படுகிறார்கள், அதனால் ஒரு கணக்கை எடுத்து முழுதாகப் போய்ப் பார்ப்போம்.

கேள்வி இது: 'ஒரு எண் பட்டியல் கொடுக்கிறேன். கூட்டினால் 11 வரும் இரண்டு எண்களைக் கண்டுபிடியுங்கள்.' பட்டியல்: 4, 9, 2, 7, 5.

கேட்டவுடன் கீபோர்டில் கை வைக்காதீர்கள். முதலில் கேளுங்கள். இதில் 4-ம் 7-ம் சேர்ந்தாலும் 11, 9-ம் 2-ம் சேர்ந்தாலும் 11. ஒரு ஜோடி போதுமா, எல்லா ஜோடியும் வேண்டுமா? எண்ணைச் சொல்ல வேண்டுமா, அது இருக்கும் இடத்தையா? பட்டியல் வரிசைப்படுத்தப்பட்டிருக்குமா? ஜோடியே இல்லாவிட்டால் என்ன திருப்பி அனுப்புவது? இப்படிக் கேட்டால் 'இவனுக்குக் கேள்வி புரியவில்லை' என்று நினைப்பார்களோ என்று தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நேர்மாறாகத்தான் நடக்கும். வேலையில் சேர்ந்த பிறகு வாடிக்கையாளர் பாதி விவரத்தோடு வந்து நிற்பார், அப்போது மீதியைக் கேட்டு வாங்கத் தெரிந்தவர்தான் எங்களுக்கு வேண்டும்.

அடுத்து, மனதில் முதலில் தோன்றும் சுமாரான வழியை வெட்கப்படாமல் சொல்லுங்கள்: 'ஒவ்வொரு எண்ணையும் மற்ற எல்லா எண்ணோடும் கூட்டிப் பார்க்கலாம். ஆனால் பட்டியலில் ஒரு லட்சம் எண் இருந்தால் சுமார் 500 கோடி ஜோடிகள் வரும்.' ஒரு நொடிக்கு ஏறக்குறைய 10 கோடி எளிய செயல்கள் என்று கணக்கு வைத்துக்கொள்வது வழக்கம். அப்படியென்றால் இதற்கு 50 நொடி பிடிக்கும். ஓரிரு நொடிக்குள் முடிய வேண்டிய தேர்வில் இது தேறாது. பட்டியல் பெரிதானால் வேலை எவ்வளவு கூடும் என்பதைப் பிக் ஓ என்று பாடத்தில் படித்தது இந்த ஒரு கணக்குத்தான், இப்படிச் சொன்னால் அது உங்களுக்குப் புரிந்திருக்கிறது என்று எனக்கும் தெரிந்துவிடும்.

பிறகு வேகமான வழி. பட்டியலில் நடந்துகொண்டே, பார்த்த எண்களை ஒரு ஹேஷ்மேப்பில், அதாவது ஒன்று இருக்கிறதா என்று உடனே தேடிச் சொல்லும் அமைப்பில், போட்டு வையுங்கள். 4 வருகிறது, இதற்கு 7 வேண்டும், இதுவரை பார்க்கவில்லை, 4-ஐப் போட்டு வை. 9 வருகிறது, 2 வேண்டும், பார்க்கவில்லை, போட்டு வை. 2 வருகிறது, 9 வேண்டும், அது ஏற்கெனவே இருக்கிறது. முடிந்தது. ஒரே நடை, லட்சம் எண்ணுக்கு லட்சம் அடி. அதற்கு விலையாகக் கொஞ்சம் மெமரி செலவாகிறது என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

எழுதி முடித்தவுடன் 'ஓகே சார், முடிச்சிட்டேன்' என்று கையைத் தூக்கிவிட வேண்டாம். கையால் ஓட்டிப் பாருங்கள். இதே பட்டியலில் கூட்டுத்தொகை 10 என்று கேட்டால்? 5 வரும்போது அதற்கு இன்னொரு 5 வேண்டும். நீங்கள் 5-ஐ முதலில் மேப்பில் போட்டுவிட்டுப் பிறகு தேடினால், அது தன்னையே ஜோடி என்று சொல்லிவிடும். முதலில் தேடி, பிறகு போட வேண்டும். இந்த இரண்டு வரிகளின் வரிசையைத் தானே கண்டுபிடித்துத் திருத்துகிறவரை நான் மறக்க மாட்டேன். முதல் முயற்சியிலேயே தப்பில்லாமல் எழுதியவரைவிட இவர்மேல் எனக்கு நம்பிக்கை கூடும். வெற்றுப் பட்டியல், ஒரே எண் உள்ள பட்டியல், மைனஸ் எண்கள் இவற்றையும் ஒரு சுற்றுப் பாருங்கள்.

சிக்கிக்கொண்டால்? சிக்குவது சகஜம். 'ஒரு நிமிஷம் யோசித்துக்கொள்கிறேன்' என்று சொல்லிவிட்டு யோசியுங்கள். பிறகு எங்கே நிற்கிறீர்கள் என்று சொல்லுங்கள்: 'தேடும் இடத்தில்தான் நேரம் போகிறது, அதை எப்படிக் குறைப்பது என்று பார்க்கிறேன்.' அப்படிச் சொன்னால்தான் எங்களால் குறிப்புக் கொடுக்க முடியும். குறிப்பு வாங்குவது அவமானம் இல்லை. கொடுத்த குறிப்பைப் பிடித்துக்கொண்டு மேலே போகிறாரா என்பதையும் கவனிக்கிறோம்.

லீட்கோட் என்ற கோடிங் பயிற்சித் தளத்தில் நூற்றுக்கணக்கில் கணக்குப் போட்டும் இந்த இடத்தில் தடுமாறுகிறவர்கள் உண்டு. தனியாக, சத்தமில்லாமல் பயிற்சி செய்ததுதான் காரணம். ஒரு நண்பரை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு, இல்லாவிட்டால் போனில் பதிவு செய்துகொண்டு, பேசிக்கொண்டே எழுதுங்கள். முதலில் கூச்சமாக இருக்கும். சில வாரங்களில் பழகிவிடும். அரே, ஸ்ட்ரிங், ஹேஷ்மேப், ஸ்டாக், க்யூ, லிங்க்டு லிஸ்ட், மரம், பைனரி சர்ச், ரிகர்ஷன் இவற்றை முதலில் பிடியுங்கள். டைனமிக் புரோகிராமிங் அப்புறம் வரட்டும்.

டெக்னிக்கல் கேள்விகள்

அடிப்படைகளைச் சுற்றித்தான் வரும். ஓவர்லோடிங், ஓவர்ரைடிங் வித்தியாசம், இன்டர்ஃபேஸ் எதற்கு, ஜாவாவில் இரண்டு ஸ்ட்ரிங்குகளை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் ஏன் சில சமயம் தப்பாகிறது, பிராசஸுக்கும் திரெட்டுக்கும் என்ன வேறுபாடு, பிரவுசரில் முகவரி அடித்து என்டர் தட்டினால் பக்கம் வரும்வரை என்னென்ன நடக்கிறது. வரையறையை ஒப்பித்துவிட்டு நிறுத்தாமல், உங்கள் ப்ராஜெக்ட்டில் அதை எங்கே பயன்படுத்தினீர்கள் என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள்.

டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் மொழியான எஸ்.க்யூ.எல்.-ஐ நம் மாணவர்கள் ஏனோ லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். 'இரண்டாவது அதிகச் சம்பளம் வாங்குபவர் யார்?' என்ற பழைய கேள்வி இன்றைக்கும் கேட்கப்படுகிறது. சம்பளத்தை இறங்கு வரிசையில் அடுக்கி இரண்டாவது வரியை எடுப்பதாகப் பலர் எழுதுவார்கள். முதல் இடத்திலேயே இரண்டு பேர் ஒரே சம்பளம் வாங்கினால் விடை தப்பாகிவிடும். ஒரே மதிப்பு திரும்ப வந்தால் ஒருமுறை மட்டும் எடுக்கும் டிஸ்டிங்க்ட் போட வேண்டும் என்பது அப்போதுதான் புரியும். ஜாயின், குரூப் பை, இண்டெக்ஸ் எதற்கு என்பதுவரை தெரிந்தால் ஃப்ரெஷருக்குத் தாராளம்.

தெரியாத கேள்வி வந்தால் 'தெரியாது' என்று நேராகச் சொல்லிவிட்டு, தெரிந்த பக்கத்திலிருந்து ஊகித்துச் சொல்லட்டுமா என்று கேளுங்கள். சுற்றி வளைத்துச் சமாளிப்பது உடனே தெரிந்துவிடும்.

ஆங்கிலம்

தமிழ் வழியில் படித்தவர்கள் இதை நினைத்துத்தான் பாதித் தூக்கத்தை இழக்கிறார்கள். உள்ளபடி சொல்கிறேன். சர்வீஸ் நிறுவனங்களில் வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேச வேண்டியிருப்பதால் ஆங்கிலத்துக்குத் தனி எடை உண்டு, சிலவற்றில் அதற்கென்றே ஒரு தேர்வும் உண்டு. ஆனால் அவர்கள் எதிர்பார்ப்பது கேட்டதைப் புரிந்துகொண்டு தெளிவாகப் பதில் சொல்வதைத்தான். இலக்கணப் பிழைக்காக நான் யாரையும் நிராகரித்தது கிடையாது.

உங்களுக்கு உண்மையில் தேவைப்படும் வாக்கியங்கள் குறைவு. உங்களைப் பற்றி ஒன்றரை நிமிடம், ப்ராஜெக்ட்டைப் பற்றி இரண்டு நிமிடம், அப்புறம் 'கேன் யூ ப்ளீஸ் ரிப்பீட் தி கொஸ்டின்?', 'லெட் மீ திங்க் ஃபார் எ மினிட்', 'மை அப்ரோச் இஸ் லைக் திஸ்' போன்ற கைவசச் சொற்கள். இவற்றைத் தினமும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். சென்னை, கோவை நேர்காணல்களில் எதிரில் இருப்பவரும் தமிழராக இருந்து, நீங்கள் ஒரு இடத்தில் திணறினால், அந்தப் பகுதியை மட்டும் தமிழில் விளக்கட்டுமா என்று அனுமதி கேட்கலாம். பலர் சம்மதிப்பார்கள். மாநில அரசு 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்கு ஆங்கிலப் பயிற்சியும் தொழில்நுட்பப் பயிற்சியும் கொடுக்கிறார்கள். உங்கள் கல்லூரியில் நடந்தால் வருகைப் பதிவுக்காக மட்டும் போய் உட்காராமல் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

எச்.ஆர். சுற்றும் சம்பளமும்

வேறு ஊருக்கு மாற்றினால் போவீர்களா, ஷிஃப்ட் பார்ப்பீர்களா, படிப்பில் இடைவெளி ஏன், எங்கள் நிறுவனத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பார்கள். உண்மையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். அரியர் இருந்து முடித்திருந்தால் மறைக்க வேண்டாம், எல்லாம் மதிப்பெண் பட்டியலில் இருக்கிறது. கடைசியில் 'ஏதாவது கேட்க வேண்டுமா?' என்பார்கள். பயிற்சி எத்தனை மாதம், எந்தத் தொழில்நுட்பத்தில், டீமில் புதியவர்களுக்கு முதல் ஆறு மாதம் என்ன வேலை தருவீர்கள் என்று கேளுங்கள்.

சி.டி.சி., அதாவது நிறுவனம் உங்களுக்காக ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு, 3.6 லட்சம் என்றால் மாதம் 30,000 கைக்கு வரும் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். நிறுவனம் உங்களுக்காகச் செலுத்தும் பி.எஃப்., கிராஜுவிட்டி, மருத்துவக் காப்பீடு, வேரியபிள் பே எல்லாமே பெரும்பாலும் அந்தத் தொகைக்குள் இருக்கும். அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால் அதில் 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய் உங்கள் பங்கு பி.எஃப்., இன்னொரு 1,800 நிறுவனத்தின் பங்கு. 'கையில் மாதம் எவ்வளவு வரும்?' என்று எச்.ஆரிடமே கேட்கலாம், அது தப்பில்லை. பாண்டு (இத்தனை காலம் வேலையை விடமாட்டேன் என்ற ஒப்பந்தம்) உண்டா, எத்தனை வருடம், இடையில் போனால் எவ்வளவு கட்ட வேண்டும், நோட்டீஸ் பீரியட் 60 நாளா 90 நாளா என்பவற்றைக் கையெழுத்துக்கு முன்பே படித்துவிடுங்கள். வேலை தரும் எண்ணத்தை மட்டும் சொல்லும் லெட்டர் ஆஃப் இன்டென்ட் கையில் வந்தாலும், சேரும் தேதியோடு ஆஃபர் லெட்டர் வரும்வரை தேடுவதை நிறுத்த வேண்டாம். மாதக்கணக்கில் காத்திருக்க வைக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்

நேர்மையான எந்த மென்பொருள் நிறுவனமும் வேலை தருவதற்குப் பணம் வாங்காது. பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், பின்வாசல் வழி என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது மோசடி. அம்மாவின் நகையை அடகு வைத்துக் கட்டிவிட்டு நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு தாங்குவதில்லை. ஆஃபர் மெயில் நிறுவனத்தின் சொந்த முகவரியிலிருந்து வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஜிமெயிலில் வந்தால் நம்பாதீர்கள், நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும் தொடர்பு வழியாகக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

இரண்டு வருட அனுபவம் இருப்பதாகப் போலிச் சான்றிதழ் தயார் செய்து தருகிறவர்களிடமும் போகாதீர்கள். சேர்ந்த பிறகு பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும். பி.எஃப்.-க்காக ஒவ்வொருவருக்கும் தரப்படும் யு.ஏ.என். எண்ணை வைத்து நீங்கள் எங்கே, எந்தத் தேதிவரை வேலை செய்தீர்கள் என்று பார்க்கிறார்கள். மாட்டினால் அந்த வேலை போவதோடு நிற்காது.

நேர்காணலுக்குப் பிறகு

அன்று மாலையே, கேட்ட கேள்விகளையும் நீங்கள் தடுமாறிய இடங்களையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டு நாள் போனால் மறந்துவிடும். நிராகரித்தால் காரணம் கேட்டு ஒரு மெயில் போடலாம், எல்லாரும் பதில் தருவதில்லை. பல நிறுவனங்களில் ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம்.

தேர்வாகிவிட்டால், சேரும் நாளுக்குள் கவனிக்க வேண்டிய ஒன்றில் நம் ஊர்ப் பிள்ளைகள் தவறாமல் சிக்குகிறார்கள்: இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் 'எஸ். கார்த்திக்' என்றிருக்கும், பான் கார்டில் அப்பா பெயர் விரிந்து நிற்கும், ஆதாரில் இனிஷியல் பின்னால் போயிருக்கும். பி.எஃப். கணக்கு ஆதாரில் இருக்கும் பெயரைத்தான் பார்க்கும், சரிபார்ப்பவர்கள் சான்றிதழில் இருக்கும் பெயரைப் பார்ப்பார்கள். ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கும்படி இப்போதே திருத்த விண்ணப்பியுங்கள். சான்றிதழோடு இருக்கும் வேறுபாட்டை எச்.ஆருக்கு முன்கூட்டியே மெயிலில் தெரிவித்து, என்ன ஆவணம் தர வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.